பேசும் தூரத்தில் ஒரு முகம்

காமிரா பற்றிப் பேச்சு வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் 'போர்ட்ரெய்ட்' என்ற சொல் வந்துவிடும். ஆனால் ஆளுக்கு ஆள் அதற்கு அர்த்தம் வேறு. ஒருவருக்கு அது, பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சுமிட்டாய் போலக் கரைந்துபோன படம். இன்னொருவருக்கு, விலை கேட்டால் தலை சுற்றும் லென்ஸ். போனில் அது ஒரு பட்டனின் பெயர். இதில் முன்பின் தெரியாத ஒருவரை எடுப்பது என்றால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஜூம் பண்ணி எடுத்தால்தான் இயல்பாக வரும் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர், கேட்டால் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து காமிராவைப் பையை விட்டே வெளியே எடுப்பதில்லை.

நான் திருச்சிக்காரன். பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காந்தி மார்க்கெட், ஸ்ரீரங்கம் என்று சுற்றி, தெரியாதவர்களின் முகங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொழில் இல்லை, பைத்தியம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு ஒரே சொல்லில் பதில் இருக்கிறது: தூரம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

எதை உருவப்படம் என்கிறோம்?

ஒரு கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து வீடியோக்காரர் லைட்டோடு வந்து எடுத்துவிட்டுப் போகிறார். அது ஒரு படம். அப்புறம் நீங்களே மேடையேறி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறீர்கள். அதுவும் ஒரு படம். முதலாவதில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். இரண்டாவதில் நின்று கொடுத்தீர்கள்.

முதல் வகைக்குப் பெயர் கேண்டிட்: படத்தில் இருப்பவர் கவனிக்காதபோது எடுப்பது. இரண்டாவதுதான் உருவப்படம், அதாவது போர்ட்ரெய்ட்: தன்னை எடுக்கிறார்கள் என்று தெரிந்து, அதற்குச் சம்மதித்து ஒருவர் காட்டும் முகம். பின்னணி மங்கலாக இருக்கிறதா, என்ன லென்ஸ் என்பதெல்லாம் இந்த வரையறைக்குள் வரவே வராது.

கேண்டிட் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் காமிராவை ஒளித்துவைத்து எதிர் சீட்டில் இருந்தவர்களை எடுத்தார். அபாரமான படங்கள், புத்தகமாக வந்தது 1966இல்தான். அந்த முகங்களில் ஒரு களைப்பு இருக்கும், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மட்டும் வருகிற களைப்பு. ஆனால் அது வேறு விளையாட்டு. இந்தக் கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது.

கோபுரத்தடியில் நின்றால்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கீழ் நிலை பூதாகரமாக இருக்கும். மேலே போகப்போக நிலைகள் நசுங்கி, 13ஆம் நிலையும் கலசங்களும் கொலுப் பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடும். அதே கோபுரத்தை மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் எல்லா நிலையும் அதனதன் அளவில், ஸ்தபதி நினைத்த மாதிரி நிற்கும். கோபுரம் அதேதான், பார்ப்பவரின் கால் நிற்கும் இடம் மாறிவிட்டது.

முகமும் ஒரு கோபுரம்தான், நம்மை நோக்கிச் சாய்த்துவைத்த கோபுரம். மூக்கு நுனி முன்னால் நிற்கிறது. காது அதற்குச் சுமார் 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. போனை 30 சென்டிமீட்டரில் நீட்டினால் மூக்குக்கு 30, காதுக்கு 42. இந்தக் கணக்கில், மூக்கோடு ஒப்பிட்டால் காது 71 சதவீத அளவுக்குச் சுருங்கித் தெரியும். செல்ஃபியில் மூக்கு மட்டும் முன்னால் ஓடிவருவது இதனால்தான். மூக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதே முகத்தை ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால் மூக்குக்கு 150, காதுக்கு 162. இப்போது காது 93 சதவீதம். வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசும்போது நாம் பார்க்கிற முகம் இதுதான்.

பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும் இந்த விகிதத்துக்குப் பெர்ஸ்பெக்டிவ் என்று பெயர். இதைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமே. லென்ஸுக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை.

இங்கேதான் பலர் என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். "85 லென்ஸ் போட்டா முகம் அழகா வருதே?" வரும். லென்ஸின் குவியத் தூரம் என்று ஒரு எண் உண்டு. எதிரே இருக்கும் காட்சியில் எவ்வளவு படத்துக்குள் அடங்கும் என்பதை அது சொல்கிறது. எண் சிறிதானால் நிறைய அடங்கும், பெரிதானால் கொஞ்சம்தான். 85 மில்லிமீட்டர் லென்ஸில் தலையும் தோளும் அடங்க வேண்டுமென்றால் நீங்கள் ஒன்றரை, இரண்டு மீட்டர் பின்னால் போயே ஆக வேண்டும். எண் சிறிதான அகல லென்ஸோ, முகம் பெரிதாக வர வேண்டுமானால் உங்களைக் கிட்டே இழுக்கும். அழகு, நீங்கள் பின்னால் வைத்த அந்த இரண்டு எட்டில் வருகிறது. பெயர் லென்ஸுக்குப் போகிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டில் யாரையாவது நிற்கவைத்து, இரண்டு மீட்டர் தள்ளி, நகராமல், போனில் சாதாரணமாக ஒன்றும் 2எக்ஸ் அழுத்தி ஒன்றும் எடுங்கள். முதல் படத்தை வெட்டி முகத்தை அதே அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே மூக்கு, ஒரே காது. தெளிவுதான் கொஞ்சம் வித்தியாசப்படும்.

உயரத்துக்கும் இதே கணக்குதான். தரையில் கடை விரித்து உட்கார்ந்திருப்பவரை நின்ற வாக்கில் எடுத்தால் தலை பெரிதாகவும் உடம்பு குறுகியும் வரும். பார்க்கிறவருக்கும் அவரைக் குனிந்து பார்க்கிற நினைப்பே வரும். உட்கார்ந்துவிடுங்கள். முட்டி வலித்தால் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளலாம். காமிரா அவர் கண் மட்டத்துக்கு வந்தால் போதும்.

இதுவரை பார்த்தது: சம்மதித்து நின்றால் உருவப்படம், முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நல்ல தூரம்.

அந்த ஒன்றரை மீட்டரின் இன்னொரு குணம்

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் இடைவெளியை அளந்து எழுதினார். அவர் கணக்கில் நெருங்கியவர்கள் நிற்பது சுமார் 1.2 மீட்டருக்குள், அறிமுகம் இல்லாதவர்களும் வேலை நிமித்தமாகப் பேசுபவர்களும் அதற்கு மேல், 3.6 மீட்டர் வரை. (அவர் பார்த்தது அமெரிக்கர்களை. நம் டவுன் பஸ்ஸில் அந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் உடைந்துபோகும்.) இருந்தாலும் விஷயம் புரிகிறது: மூக்கும் காதும் சரியான அளவில் தெரிகிற தூரமும், தெரியாத இரண்டு பேர் கூச்சமில்லாமல் பேசிக்கொள்கிற தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜூம் பண்ணி எடுப்பவருக்கு மூக்கு சரியாக வரும், பேச்சு வராது. முகத்துக்கு நேரே போனை நீட்டுபவருக்கு மூக்கும் கெடும், எதிரே நிற்பவரும் பின்வாங்குவார். பேசும் தூரத்தில் நின்றால் இரண்டு பிரச்சினையும் சேர்ந்து தீரும். பேசித்தான் ஆக வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

தில்லை நகர்ப் பக்கம் ஒரு வேப்ப மரத்தடியில் இஸ்திரி வண்டி. கரிப்பெட்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன், பனியனோடு நின்றிருந்தார். நான் காமிராவைக் கையில் தெரியும்படியே வைத்துக்கொண்டு போனேன்.

"அண்ணே, நீங்க பெட்டி பிடிச்சிருக்கற விதம் நல்லாயிருக்கு. ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?"

"எதுக்கு? பேப்பர்ல போடவா?"

"இல்லண்ணே, எனக்குத்தான். உங்களுக்கும் ஒண்ணு பிரிண்ட் போட்டுத் தர்றேன்."

"சரி, இரு."

தேய்த்து அடுக்கிய சட்டைகள் மேல் ஒரு கணம் அவர் கண் போனது. சிரித்துக்கொண்டே வண்டியடியில் தொங்கிய தன் சட்டையையே எடுத்து மாட்டி, கழுத்துப் பட்டன்வரை போட்டு, கையை இரண்டு பக்கமும் ஒட்டிவைத்து நின்றார். ஆதார் அட்டைக்கு நிற்பது மாதிரி. இரண்டு படம் எடுத்தேன். அப்புறம் காமிராவை இறக்கிவிட்டு, கரி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவ்வளவுதான். கொட்டாங்கச்சிக் கரியின் விலை ஏறியது, மழையில் நனைந்த கரி படுத்தும் பாடு, மின்சாரப் பெட்டியில் மடிப்பு நிற்காது என்பது எல்லாம் வந்தது. பேசிக்கொண்டே பெட்டியின் மூடியைத் திறந்து ஊதினார். நெருப்பின் சிவப்பு தாடையில் பட்டது. எடுத்தேன். அவருக்கும் தெரிந்துதான் எடுத்தேன்.

கேட்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஏன் அவரை எடுக்க ஆசைப்படுகிறோம் என்பதை ஒரே வரியில், பொய் இல்லாமல் சொல்ல வேண்டும். மீசை, குடை, நிற்கிற தோரணை, எதுவாகவும் இருக்கலாம். "வேண்டாம் தம்பி" என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர வேண்டும். இரண்டாம் முறை கேட்கக் கூடாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களோடு வாதம் செய்ய நமக்கு என்ன உரிமை? குழந்தையாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது அப்பா அம்மாவை.

அந்த விறைப்பான முதல் இரண்டு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்கள் அவற்றை உடனே அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். கழுத்துப் பட்டன் போட்டு நிமிர்ந்து நிற்பது போலித்தனம் இல்லை. தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அந்த முகம் அது. ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டர் தன் நாட்டு விவசாயி, கொத்தனார், வக்கீல் என்று எல்லாரையும் அப்படித்தான் நேராக நிறுத்தி எடுத்தார். 1928இல் அவர் எடுத்த கேக் மாஸ்டர் ஒருவர், வெள்ளைக் கோட்டும் கையில் பெரிய பாத்திரமுமாக நம்மையே முறைத்துக்கொண்டு நிற்பார். அந்த விறைப்பில்தான் அவருடைய தொழில் கர்வம் முழுக்க இருக்கிறது. இஸ்திரி அண்ணனும், இரண்டு பிரிண்டையும் காட்டியபோது, விறைத்து நின்ற படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

திண்ணை வெளிச்சம்

ராத்திரி கரண்ட் போனதும் போன் டார்ச்சைப் போட்டுச் சுவரில் கையை நீட்டினால் நிழல் கத்தியால் வெட்டியது போல விழும். கரண்ட் வந்து டியூப்லைட் எரிந்ததும் அதே கையின் நிழல் ஓரமெல்லாம் கரைந்து நிற்கும். டார்ச் ஒரு சின்னப் புள்ளி. டியூப்லைட் நாலடி நீளம். ஒளி வரும் இடம் பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும். அப்படிப்பட்ட ஒளிக்கு மென்னொளி என்று பெயர்.

சூரியன் பிரம்மாண்டமானதுதான், ஆனால் நம் வானத்தில் அது அரை டிகிரி அகலமுள்ள சின்ன வட்டம். டார்ச் மாதிரிதான். அதிலும் உச்சி வெயில் நேர் மேலிருந்து விழுவதால் புருவம் கண்ணுக்கு நிழல் போட்டுவிடும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. மேகம் மூடினால் வானமே விளக்காகிவிடும், ஆனால் மேகத்தை நாம் வரவழைக்க முடியாது.

திண்ணை இதற்குத்தான் கை கொடுக்கிறது. மேலே கூரை இருப்பதால் உச்சி ஒளி அடைபட்டுவிடுகிறது. தெருவும் எதிர்வீட்டுச் சுவரும் வானத்தின் ஒரு துண்டும் சேர்ந்து, முன்னாலிருந்து ஒரு பெரிய விளக்காக வேலை செய்கின்றன. ஒளி கண்ணுக்குள் போகிறது. கருவிழியில் தெருவே ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரம் இருந்தால்தான் கண் உயிரோடு இருக்கும். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் மிச்சமிருக்கும் திண்ணைகளில் நடுப்பகலில்கூட எடுத்திருக்கிறேன். திண்ணை இல்லாவிட்டால் கடை வாசல், பஸ் ஸ்டாப் நிழல், பாலத்தடி, எது வேண்டுமானாலும் சரி. நிழலுக்குள் நிற்பவர் வெளிச்சமான பக்கத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அதுதான் விதி.

இது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைத்துவிட வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளிகளையும் ஊர் ஊராய்த் திரிபவர்களையும் எடுத்தார். செய்தது இதைத்தான்: நிழலான ஒரு சுவரில் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதன் முன் ஆளை நிறுத்தி, இயற்கை ஒளியிலேயே எடுத்தார். மரப்பெட்டி போன்ற பெரிய காமிராவுக்குப் பின்னால் ஒளியாமல் அதன் பக்கத்தில் நின்று, எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் பேசும் தூரம்.

மார்க்கெட்டில் ஒரு பொறி உண்டு. கடைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அதன் வழியே இறங்கும் ஒளியும் நீலமாகிவிடும். முகம் வேப்பங்காய் தின்றது மாதிரி வரும். சிவப்புக் குடையடியில் எல்லாருக்கும் காய்ச்சல் கண்டிருக்கும். நம் கண் இதைத் தானாகவே சரிசெய்துகொள்வதால் நேரில் தெரியாது, படத்தில்தான் தெரியும். தார்ப்பாயின் ஓரத்துக்கு ஒரு எட்டு முன்னால் வரச் சொன்னால் போதும். மாறாக, நல்ல சகுனமும் உண்டு: வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால், மடியில் விழும் ஒளி மேலே தெறித்துத் தாடை நிழலை நிரப்பிவிடும். ஸ்டூடியோவில் இதற்காகக் காசு கொடுத்து ரிஃப்ளெக்டர் வாங்குகிறார்கள்.

முகம் ஏன் கரிக்கட்டையாகிறது?

வெள்ளைச் சுவர் முன்னால் கறுத்த நிறத்து ஒருவரை நிறுத்தி எடுத்தால் சுவர் நன்றாக வரும், முகம் இருண்டுபோகும். காரணம், காமிராவுக்குள் இருக்கும் மீட்டர். எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் பகுதி அது. அதற்கு மனிதரும் தெரியாது, சுவரும் தெரியாது. எதிரே இருப்பதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக வர வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. வெள்ளை அதிகம் இருந்தால் 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று எல்லாவற்றையும் இருட்டாக்கும். சுவரோடு சேர்ந்து முகமும் இருண்டுபோகும். இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சமாளிக்கின்றன, ஆனால் எப்போதும் இல்லை.

தீர்வு சுலபம்: திரையில் முகத்தைத் தொடுங்கள், அளவெடுக்க வேண்டியது இதைத்தான் என்று காமிராவுக்குப் புரிந்துவிடும். அல்லது வெள்ளைச் சுவரை விட்டு, பச்சை, காவி, அழுக்கு மஞ்சள் என்று ஏதாவது நடுத்தர நிறத்தின் முன் நிறுத்துங்கள். போனில் 'பியூட்டி' என்று ஏதாவது இருந்தால் அதை முதலில் அணையுங்கள். அது தோலை வெளுக்கும், சுருக்கத்தைத் துடைக்கும். எழுபது வருஷ வெயிலை ஒரு நொடியில் பவுடர் போட்டு மூடிவிடும். கறுத்த தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. மென்னொளி கன்னத்திலும் நெற்றியிலும் வழுக்கிக்கொண்டு போகும்; அதைப் பிடித்தால் போதும், வெளுக்க வேண்டியதில்லை.

பின்னணி மங்கல் பற்றிச் சுருக்கமாக: பெரிய லென்ஸில் அது நிஜமாகவே ஒளியால் நடக்கிறது. போனின் போர்ட்ரெய்ட் பட்டனில் அது பெரும்பாலும் கணக்கு. எது முகம், எது பின்னணி என்று போன் யூகித்து, பின்னணியை மெழுகிவிடுகிறது. யூகம் தவறும் இடங்கள் காதோர முடி, மூக்குக் கண்ணாடியின் ஓரம், கொண்டையில் வைத்த மல்லிகைச் சரம். பாதி மல்லிகை ஆவியாகிப் போன படம் என்னிடம் ஒரு டஜன் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் அந்தப் பட்டனைத் தொடுவதில்லை. இஸ்திரி வண்டியை மங்கலாக்கிவிட்டால் இஸ்திரி அண்ணனில் பாதி போய்விடும்.

எடுத்த பிறகு

எடுக்கச் சம்மதித்தார் என்பதால் ஊருக்கெல்லாம் காட்டச் சம்மதித்தார் என்று ஆகாது. 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த ஒரு தாயைப் புகைப்படக்காரர் டோரதியா லாங் படம் எடுத்தார். நிமிடக் கணக்கில் முடிந்த சந்திப்பு. பெயர்கூடக் கேட்கவில்லை என்று பிற்பாடு லாங்கே எழுதினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போய், அமெரிக்கப் பொருளாதார மந்தத்தின் முகமாகவே ஆனது. 1978இல் அந்தப் பெண்மணி யார் என்று வெளியே தெரிந்தபோது, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தனக்குக் காலணாக்கூட வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். படம் நல்ல காரியத்துக்குத்தான் எடுக்கப்பட்டது. இருந்தும் அவர் மனதில் அந்தக் குறை இருந்தது.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. கனடாவின் கியூபெக்கில், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றி ஒரு பத்திரிகை வெளியிட்டது. 1998இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, இழப்பீடு 2,000 டாலர். நியூயார்க்கிலோ, தெருவில் தனக்குத் தெரியாமல் எடுத்த படம் கண்காட்சியில் விற்கப்பட்டதை எதிர்த்து ஒருவர் போட்ட வழக்கை, அது கலை என்று சொல்லி 2006இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. நம் நாட்டில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் சட்டத்துக்குப் போவதற்கு முன்பே நின்றுகொள்கிறேன்: எடுத்ததை அங்கேயே காட்டுவேன், நெட்டில் போடலாமா என்று தனியாகக் கேட்பேன், "வேண்டாம்" என்றால் பிரிண்டோடு சரி.

பிரிண்ட் போட ஒரு டீ, இரண்டு வடைக் காசுதான் ஆகும். தருகிறேன் என்றால் தர வேண்டும். ஆரம்பத்தில் நான் பலருக்குச் சொல்லிவிட்டுத் தராமல் விட்டிருக்கிறேன். காந்தி மார்க்கெட்டில் கொத்தமல்லி, கறிவேப்பிலை விற்கும் ஒரு பாட்டிக்கு மட்டும் மூன்றாவது வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அந்தப் படத்தில் ரொம்பப் பெருமை. பக்கவாட்டு ஒளி, முகத்தில் பாதி இருட்டு, அந்த இருட்டில் ஒற்றைக் கண் மட்டும் மின்னும். பாட்டி ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, தள்ளிவைத்துப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, இந்தப் பக்கத்துத் தோடு எங்க?"

"இருட்டுல இருக்கு பாட்டி. அது ஒரு மாதிரி..."

"அரை மூஞ்சியா எடுத்து வச்சிருக்கியே! ஏழுகல் தோடுடா. ரெண்டு காதுலயும்தான போட்டிருக்கேன்?"

சாக்கை இழுத்துப் போட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். காதோர முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்தார். நான் கொத்தமல்லிக் கட்டுகளுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன்.

"ம், இப்ப எடு."